குமுதா அனுப்பிய மூன்று பொட்டலங்கள்

பாசாரில் வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்ப்பது ஊர் வழக்கம். குமுதா நுனியை ஒடித்த கையோடு கடைக்காரர் முகத்தையும் ஒரு தரம் பார்ப்பாள். இன்றைக்கு ஏன் இவர் இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார், தராசில் என்ன செய்து வைத்திருக்கிறார் என்று உள்ளுக்குள் ஓடும். கோயிலில் அன்னதானம் என்றால்கூட யார் போடுகிறார்கள், எதற்குப் போடுகிறார்கள் என்று விசாரித்த பிறகுதான் பந்தியில் உட்காருவாள். அவள் கணவர் நாகையா லோரி ஓட்டுகிறவர். வாய் திறந்து பேசுவதே அபூர்வம். அவரே ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னார்: "உன்னைக் கட்டினதுக்கு ஒரு போலீஸ்காரியக் கட்டியிருக்கலாம் லா. அவளாச்சும் வீட்டுக்கு வந்தா தொப்பியக் கழட்டி வெப்பா."

இந்தக் குணம் சின்ன வயசிலேயே ஒட்டிக்கொண்டது. கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில், வேலையாட்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில்தான் பிறந்தாள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் நாலைந்து பேர் டேப்பும் சிவப்புக் கொடியும் எடுத்துக்கொண்டு வந்து லயத்தைச் சுற்றி அளந்தார்கள். கால்வாய் வெட்டப்போகிறோம், இனி மழைத்தண்ணி வீட்டுக்குள்ளே வராது என்றார்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். குமுதாவும் வாங்கித் தின்றாள். அடுத்த தீபாவளிக்கு அந்த லயமே இல்லை. அவள் குடும்பம் கிள்ளானில் ஒரு ஃபிளாட்டின் மேல்மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. அப்பா வளர்த்த ஆடுகளை மேல்மாடிக்கு ஏற்ற முடியாது என்று வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். கையில் அளவு நாடாவோடு யார் வந்தாலும் அவள் வாசலை மறித்து நிற்பது அன்றிலிருந்துதான்.

இப்போது அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை வேலிக்கும் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்கும் நடுவே, வருஷா வருஷம் உரிமம் புதுப்பிக்கிற நிலத்தில் வாழை வைத்திருந்தாள். பழத்துக்கு இல்லை, இலைக்கு. சாம்பல் வாழை. இலை அகலமாக வரும், மடித்தால் கிழியாது. காலையில் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு வேலி ஓரத்தில் தொடங்கினால் வரிசை வரிசையாக அறுத்துக்கொண்டே வாய்க்கால் வரைக்கும் போவாள். இரண்டு பெண்கள் கூட வந்து துடைத்துக் கட்டுவார்கள். நாகையா அந்தக் கட்டுகளை லோரியில் ஏற்றி பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுபோவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே வரிசையில் நிற்கிற ஆபீஸ்காரர்கள் எத்தனையோ பேர் குமுதாவின் இலையில்தான் சோறு தின்றார்கள். அவர்களுக்கு அது தெரியாது. அதில் அவளுக்குக் குறையும் இல்லை.

மழை விட்டிருந்த ஒரு வாரத்தில் வேலி ஓரத்து மரம் ஒன்றில் இலைகள் கழுத்து முறிந்த மாதிரி தொங்கின. மஞ்சள் பாய்ந்து, காம்பு மடிந்து, பாவாடை மாதிரி தண்டைச் சுற்றி விழுந்திருந்தன. மேலே வாழைப்பூ கருகிச் சுருங்கி இருந்தது.

"வெயில்லா," என்றார் நாகையா.

"வெயில் பக்கத்து மரத்துக்கு அடிக்கலையா?"

முதல் சந்தேகம் தொழிற்சாலை மேல். வேலிக்கு அந்தப் பக்கம் ஓடும் கால்வாய்த் தண்ணீரை வாளியில் மொண்டு முகர்ந்தாள், வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்த்தாள். மண் வாடையைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்து, வேலியை விட்டு உள்ளே தள்ளி இன்னொரு மரம் தொங்கியது. அதற்கு அடுத்து இன்னும் உள்ளே ஒன்று. தண்ணீர் என்றால் பக்கத்தில் இருப்பதையெல்லாம் அல்லவா பிடிக்கணும், இப்படித் தாவித் தாவியா போகும்? யாரோ இறங்கி வந்து மருந்து ஊற்றுகிறார்கள் என்று அவள் மனசு முடிவு கட்டியது. யார் என்று தேட வெகுதூரம் போகவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சபாபதியின் தோட்டம் இருந்தது.

சபாபதிக்கும் இலைத் தொழில்தான். அறுபது வயது, ஒல்லி உடம்பு, தலையில் எப்போதும் ஒரு பழைய தொப்பி. வருஷத் தொடக்கத்தில் அவர் பிரிக்பீல்ட்ஸில் ஹைதர் பாயின் சாப்பாட்டுக் கடைக்குப் போய் நானும் இலை போடட்டுமா என்று கேட்டிருந்தார். ஹைதர் பாய் குமுதாவின் பழைய வாடிக்கை. அவர் பாதி பாதியாக இரண்டு பேரிடமும் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து சபாபதி தும்மினாலும் குமுதா திரும்பிப் பார்ப்பாள். இப்போதோ அவர் அடிக்கடி வரப்பில் வந்து நின்று இவள் மரங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒருநாள் தோளில் மருந்து டாங்கி வேறு இருந்தது.

அந்த வாரத்தில் அவரே கூப்பிட்டார்.

"குமுதா! உன் பக்கம் மரமெல்லாம் நல்லா இருக்கா?"

குமுதா நிமிர்ந்தாள். வீட்டைக் கொளுத்திவிட்டு வெளிச்சம் வருகிறதா என்று கேட்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. வேலி ஓரத்து மரங்கள் அவர் நிற்கிற இடத்திலிருந்து தெரியாது.

"என் மரத்துக்கு என்ன கேடு? ஜம்முனு இருக்கு. ஏன்ண்ணே கேக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருந்தா சரி," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இன்னும் ஏதோ சொல்ல வந்து விழுங்கிவிட்டார் என்று குமுதாவுக்குத் தோன்றியது. அவர் விழுங்கியது தன் குற்றத்தைத்தான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் இலைக்கட்டோடு லோரியில் ஏறி அவளே பிரிக்பீல்ட்ஸ் போனாள். ஹைதர் பாயின் கடையில் காலைப் பசியாற உட்கார்ந்திருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அவர்கள் காதுபடவே சொன்னாள்: "பாய், சபாபதி என் தோட்டத்துல மருந்து ஊத்துறாரு. மரம் மரமா சாகுது. இனிமே அவர்கிட்ட இலை எடுத்தா என்கிட்ட எடுக்காதீங்க."

ஹைதர் பாய் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "அக்கா, மெதுவா. பார்த்தீங்களா அவர் ஊத்தினத?"

"பார்த்தாத்தானா?"

"அவர் இலை போட்டே கொஞ்ச நாளாச்சே. வரவே இல்ல."

"பின்ன? குத்தமுள்ள நெஞ்சு. எப்படி வருவாரு?"

பாய் மறுபடி தேத்தண்ணீரை ஆற்றத் தொடங்கினார்.  திரும்பி வரும்போது கெசாஸ் நெடுஞ்சாலை முழுக்க லோரியின் பின்கதவு மட்டும் டகடகவென்று அடித்துக்கொண்டே வந்தது.

அதற்கடுத்த வாரம் தோட்டத்துக்கு மேலே வண்டு இரைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. குமுதா அண்ணாந்து பார்த்தாள். நாலு இறக்கையோடு ஒரு டிரோன், மரங்களுக்கு மேலே ஒரே சீராகப் போவதும் வருவதுமாக இருந்தது. அவளுக்கு அந்தப் பழைய டேப்பும் சிவப்புக் கொடியும்தான் ஞாபகத்துக்கு வந்தன. இப்போது கீழே இறங்கி அளக்கக்கூட வேண்டாம் போலிருக்கிறது. கீழே கிடந்த மண்ணாங்கட்டியை எடுத்து விட்டெறிந்தாள். அது பாதி உயரம்கூடப் போகாமல் அவள் தலைக்கே திரும்பி வரப் பார்த்தது.

டிரோனை விட்டவள் படலுக்கு வெளியே நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் அரசாங்க அட்டை, காலில் ரப்பர் பூட்ஸ். உள்ளே வருவதற்கு முன் ஒரு தட்டில் மருந்துத் தண்ணீரை ஊற்றி அதில் பூட்ஸோடு ஏறி நின்றாள்.

"அக்கா, நான் மாதவி. விவசாய ஆராய்ச்சி ஆபீஸ்லேருந்து வரேன். வாழை நோய் பாக்குறவ."

"நான் யாரையும் கூப்பிடலியே."

"இந்த ஏரியால நோய் வந்திருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு. சுத்துவட்டாரம் முழுக்க பாக்குறோம்."

"யார் ரிப்போர்ட் பண்ணா?"

"பேர் சொல்லக் கூடாதுக்கா. ரூல்ஸ்."

பேர் சொல்லக் கூடாதாம். குமுதாவுக்கு எல்லாம் விளங்கிப்போன மாதிரி இருந்தது. சபாபதி மருந்தும் ஊற்றி, ஆபீசுக்கும் சொல்லிவிட்டார். நோய் என்று எழுதி, மரத்தை வெட்டச் சொல்லி, பிறகு காலி நிலம்தானே என்று உரிமத்தை நிறுத்திவிடுவார்கள். எத்தனை பேர் சேர்ந்து போட்ட கணக்கு இது?

மாதவி தொங்கிப்போன மரத்தின் தண்டை அறுத்தாள். வெள்ளையாக இருக்க வேண்டிய உள்பக்கத்தில் துருப்பிடித்த மாதிரி புள்ளி புள்ளியாகப் பழுப்பு. "மலாய்க்காரங்க இத பென்யாகிட் டாரான்னு சொல்வாங்க. ரத்த நோய். காயை அறுத்தா உள்ள ரத்தம் கட்டின மாதிரி இருக்கும். இது ஒரு பாக்டீரியா," என்று சொல்லிவிட்டு ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரை ஊற்றி அதில் அந்தத் துண்டைத் தொங்கவிட்டாள். கொஞ்ச நேரத்தில் துண்டின் அடியிலிருந்து பால் நூல் மாதிரி ஒன்று மெல்ல இறங்கியது.

குமுதா குவளையையே பார்த்தாள். "அதுல முன்னாடியே என்ன போட்டு வெச்சிருக்கே?"

மாதவிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். குமுதா உள்ளே போய்த் தன் சொந்த டம்ளரையும் தன் பைப்புத் தண்ணீரையும் கொண்டுவந்தாள். அதிலும் நூல் இறங்கியது.

"வாழைன்னா பால் வடியத்தான் செய்யும்," என்றாள் குமுதா.

"சரிக்கா. ஆனா இது பரவும். விழுந்த மரம் மட்டும் போதாது, அதச் சுத்தி இருக்கிறதையும் எடுக்கணும்." மாதவி கைத்திரையைக் காட்டினாள். மேலிருந்து எடுத்த படத்தில் தோட்டம் பச்சையாகத் தெரிந்தது, அங்கங்கே சில மரங்களைச் சுற்றிச் சிவப்புச் சட்டம் போட்டிருந்தது. "கண்ணுக்குத் தெரியாத வாட்டம் இந்தக் கேமராவுக்குத் தெரியும். சிவப்பா இருக்கிறதெல்லாம் சந்தேகம்."

அந்தச் சிவப்பில் பாதி, நேற்றுக் காலையில் அவள் இலை அறுத்த மரங்கள். கொழுகொழுவென்று நிற்கிற மரங்கள். குமுதாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "செத்த மரத்த வெட்டச் சொன்னா வெட்டுவேன். உயிரோட இருக்கிறத வெட்டச் சொல்றதுக்கு நீ யாரு?"

"லேப்ல டெஸ்ட் பண்ணிட்டு சொல்றேன். அது வரைக்கும் வெட்ட வேணாம். இலையும் அறுக்காதீங்க."

மாதவி துண்டு எடுக்கக் கத்தியைத் திறந்தபோது குமுதா தடுத்தாள். "என் மரத்த நானே வெட்டித் தரேன். நீ நாளைக்கு வா."

மாதவி போன பிறகு அவள் வெகுநேரம் யோசித்தாள். இவர்கள் சொல்வது பொய் என்றால் அதைப் பிடிக்க ஒரு வழி வேண்டும். விழுந்த மரத்தில் ஒரு துண்டு வெட்டினாள். சிவப்புச் சட்டம் போட்டதில் நன்றாக நிற்கிற ஒரு மரத்திலிருந்து இன்னொரு துண்டு. பிறகு பஸ் பிடித்துக் கேரி தீவில் தங்கச்சி இராஜம்மா வீட்டுக்குப் போய், பின்கட்டில் நின்ற வாழையிலிருந்து தங்கச்சியின் காய்கறிக் கத்தியால் மூன்றாவது துண்டை அறுத்துக்கொண்டாள். அங்கே எந்த நோயும் இல்லை. மூன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அதே வரிசையில் சிவப்பு, மஞ்சள், பச்சை நூல் கட்டினாள். எந்த நூல் எந்த மரம் என்பது அவள் மனசுக்கு மட்டும்தான் தெரியும். நாகையாவிடம்கூடச் சொல்லவில்லை. விழுந்த மரத்துத் துண்டு பழுப்பேறிக் கிடந்தது, அதைக் குழந்தையும் சொல்லிவிடும். கண்ணி மற்ற இரண்டில்தான். இரண்டும் வெள்ளை வெளேரென்று ஒன்றுபோல இருந்தன.

மறுநாள் மாதவியிடம் நீட்டினாள். "மூணும் இங்க இருக்கிற மரம்தான். மூணும் ஒரே மாதிரி வாடினது."

மாதவி நூல்களைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் வாங்கிப் பெட்டியில் வைத்தாள்.

லேப்பில் நோய்க்கிருமியின் மரபுக்கூறைத் தேடுகிற மெஷின் இருக்கிறது, கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டார்களே, அந்த மாதிரிதான் என்று மாதவி சொல்லிப் போயிருந்தாள். ஒரு வாரம் குமுதாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. இலை அறுக்காமல் தோட்டம் நிறைந்து நின்றது. அதையே சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றுக்கும் நோய் என்று சொல்லட்டும், அப்போது பச்சை நூலைத் தூக்கிக் காட்டி அந்தப் பெண்ணை அவள் மேலதிகாரி முன்னால் நிறுத்துகிறேனா இல்லையா பார் என்று இருந்தாள்.

மாதவி வந்தாள். "சிவப்பு நூல், நோய் இருக்கு. பச்சை நூல்ல இல்ல. அது இந்தத் தோட்டமே இல்லன்னு நினைக்கிறேன்."

குமுதா கண்ணைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மஞ்சள்ல இருக்கு."

"பார்த்தியா!" குமுதா எழுந்துவிட்டாள். "வா, காட்டுறேன். அந்த மரத்த வந்து பாரு. கத்தி வெச்சா பால் பீச்சுது. அதுக்கா நோய்? இதத்தான் எதிர்பார்த்தேன் நான்."

இரண்டு பேரும் போய் அந்த மரத்தின் முன்னால் நின்றார்கள். இலைகள் காற்றில் பளபளத்தன. மாதவி அதைச் சுற்றி வந்தாள். பிறகு அவள் கேட்ட கேள்வியைக் குமுதா எதிர்பார்க்கவில்லை.

"அக்கா, மூணையும் எந்தக் கத்தியால வெட்டினீங்க?"

"இந்த ரெண்டையும் என் பாராங்காலதான்."

"சிவப்ப வெட்டிட்டு, அதே பாராங்கால மஞ்சளா? கழுவலையா?"

"எதுக்குக் கழுவணும்?"

மாதவி பெருமூச்சு விட்டாள். "அப்ப மஞ்சள் ரிசல்ட்ட நான் நம்ப மாட்டேன். நோய் உங்க கத்தியிலேயே ஒட்டிட்டு வந்திருக்கலாம். மரத்துல இல்லாமகூட இருக்கலாம். மறுபடியும் எடுப்போம். இந்த வாட்டி ஒவ்வொரு மரத்துக்கும் கத்தியக் குளோரோக்ஸ் பிளீச்ல முக்கி எடுத்து."

குமுதா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஏமாற்ற வந்தவள் கைக்குக் கிடைத்த சாட்சியைத் தானே ஏன் தூக்கிப் போடுகிறாள்? வெட்டு என்று சொல்லியிருக்கலாமே. இதிலும் ஏதாவது சூது இருக்குமோ என்று இரண்டு தடவை புரட்டிப் பார்த்தாள். பிடிபடவில்லை. கடைசியில், "அந்தப் படத்த இன்னொரு வாட்டி காட்டு," என்றாள்.

மாதவி திரையை நீட்டினாள். சிவப்புச் சட்டங்களுக்கு நடுவே, விழுந்த மரங்களுக்குக் கறுப்புப் புள்ளி வைத்திருந்தாள். குமுதா முதல் புள்ளியில் விரலை வைத்தாள். வேலி ஓரம். அடுத்தது உள்ளே தள்ளி. அடுத்தது வளைந்து, பாசி பிடித்த கல் கிடக்கிற இடத்தைச் சுற்றி, வாய்க்காலைப் பார்த்து இறங்கியது. அவள் விரல் தானாகவே அடுத்த புள்ளிக்குப் போனது, படத்தைப் பார்க்காமலே.

"என்னக்கா?"

"இது நான் நடக்கிற வழி."

"எது?"

"காலையில இலை அறுத்துக்கிட்டே இப்படித்தான் போவேன். கல்லுகிட்ட வளைஞ்சு. தினமும்."

 குமுதாவின் இடுப்பில் பாராங் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை உருவிப் பார்த்தாள். கறை ஏறிக் கறுத்துப்போன பாராங். அதன் பிடி அவள் உள்ளங்கைக்குப் பழகி வழவழப்பாகியிருந்தது. தொழிற்சாலைக் கால்வாயை முகர்ந்தாள், சபாபதியின் மருந்து டாங்கியைக் கண்ணால் அளந்தாள், ஆகாயத்தில் போன டிரோனை மண்ணாங்கட்டியால் அடித்தாள். இதை ஒருநாளும் கழுவவில்லை.

"முதல் மரத்துக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள்.

"அது தெரியாதுக்கா. பூவுல உக்கார்ற ஈ, தேனீ கொண்டுவந்திருக்கலாம். கால் மண்ணுல வந்திருக்கலாம். கண்டுபிடிக்க முடியாது. அங்கேருந்து மத்ததுக்கு…" மாதவி பாராங்கைப் பார்த்தாள்.

அன்றைக்கு இரண்டு பேருமாகச் சேர்ந்து சிவப்புச் சட்டத்துக்குள் இருந்த ஒவ்வொரு மரத்திலும் துண்டெடுத்தார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தி வாளியில் முங்கி எழுந்தது. குளோரோக்ஸ் நெடி குமுதாவின் கண்ணைக் கரித்தது. இப்போதும் அவள் தன் நூல்களைத்தான் கட்டினாள், எண் போடச் சம்மதிக்கவில்லை. மாதவியும் வற்புறுத்தவில்லை. "இப்படித்தான் அனுப்பணும். எது எதுன்னு எனக்குத் தெரியாம இருக்கிறதுதான் நல்லது," என்றாள். அப்படிச் சொன்னதும் குமுதாவுக்கு ஒரு கணம் சந்தேகம்தான் வந்தது.

முடிவு வந்தபோது பாதிக்கு மேற்பட்ட மரங்களுக்கு நோய் இல்லை. முதல் தடவை மஞ்சள் நூல் கட்டி அனுப்பிய மரத்துக்கு இருந்தது. அதைக் குமுதாவே வெட்டினாள். அடித்தண்டை அறுத்ததும் வெள்ளைச் சதைக்கு நடுவே, ஊசி குத்தின மாதிரி, பழுப்புப் புள்ளிகள் ஒரு வளையமாகத் தெரிந்தன. வெளியே ஒரு இலைகூட வாடியிருக்கவில்லை. அவள் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாகையா பக்கத்தில் வந்து நின்று, அவள் தோளில் கைவைத்துவிட்டு, மற்ற மரங்களுக்கு நடந்தார். நோய் கண்டதையெல்லாம் அங்கேயே மருந்து குத்திக் கிழங்கோடு சாகடித்தார்கள். வேலி ஓரம் முழுக்க வழித்துப் போட்ட மாதிரி ஆனது. வாய்க்கால் பக்கத்தில் பாதித் தோட்டம் தப்பியது.

அன்றைக்குத்தான் அவள் வாய்க்கால் ஓரத்தில் நின்று அந்தப் பக்கத்தைச் சரியாகப் பார்த்தாள். சபாபதி தோட்டத்தில் ஒரு மரம் இல்லை. கரும்பச்சைத் தார்ப்பாய் போர்த்திய குவியல்கள் மட்டும். இத்தனை நாளும் அவர் நிலத்தை விற்கச் சுத்தம் பண்ணுகிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அவள் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போனாள். சபாபதி கொட்டகை நிழலில் உட்கார்ந்து நாற்றுப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு மருந்துத் தட்டு இருந்தது. அவள் கேட்காமலே செருப்போடு அதில் நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

"ஆபீசுக்குச் சொன்னது நீங்களாண்ணே?"

"ஆமா. எனக்குத்தான் முதல்ல வந்துச்சு. ஒரு மரம் விழுந்தப்பவே போன் அடிச்சேன். ஆனா அதுக்குள்ள தோட்டம் பூரா போயிடுச்சு."

"என்கிட்ட சொல்லலியே."

சபாபதி மண் அள்ளுகிற கையை நிறுத்தவில்லை. "கேட்டேனே. உன் மரம் நல்லா இருக்கான்னு. ஜம்முனு இருக்குன்னே. நம்பிட்டேன்."

குமுதா மருந்துத் தண்ணீர் சொட்டுகிற தன் செருப்பைப் பார்த்தாள்.

"ஹைதர் கடையில நீ பேசினது காதுக்கு வந்துச்சு," என்றார் அவர். "அங்க உக்காந்திருந்ததுல ஒருத்தன் என் மச்சான். ரெண்டு நாள் என் வீட்டுக்காரி சாப்பிடல."

"தப்புதாண்ணே."

"தப்புன்னு என்கிட்ட சொல்லி என்ன? என்கிட்டயா சொன்னே அத?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மறுநாள் காலையில் குமுதா லோரியில் ஏறிப் பிரிக்பீல்ட்ஸ் போனாள். பசியாறுகிற நேரம் பார்த்து ஹைதர் பாயின் கல்லா முன்னால் நின்றாள். உட்கார்ந்திருந்தவர்கள் அன்றைக்கு இருந்தவர்கள்தானா என்று தெரியாது. இருந்தாலும் சொன்னாள்.

"பாய், சபாபதி அண்ணன் மருந்து ஊத்தல. மரத்துக்கு நோய். அத என் தோட்டத்துல மரத்துக்கு மரம் கொண்டுபோனது என் பாராங். வந்து சொல்லணும்னு வந்தேன்."

தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். ஹைதர் பாய் தேத்தண்ணீர் ஒன்றைப் போட்டு அவள் பக்கம் நகர்த்தினார். "உக்காருங்கக்கா. நின்னுக்கிட்டே குடிக்காதீங்க." பிறகு கேட்டார்: "அவரு என்ன செய்றாரு இப்ப?"

"கருவேப்பிலை வெக்கிறாரு. அந்த மண்ணுல கொஞ்ச வருஷத்துக்கு வாழை கூடாதாம்."

"வந்தா எனக்கே போடச் சொல்லுங்க."

சபாபதியின் கருவேப்பிலை வளர்ந்து, இப்போது குமுதாவின் இலைக்கட்டுகளோடு அதே லோரியில்தான் பிரிக்பீல்ட்ஸ் போகிறது. அதற்காக இரண்டு பேரும் உறவாடிக்கொள்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். வாய்க்கால் தண்ணீரை யார் முதலில் திருப்புவது என்பதில் வாரம் ஒரு தரம் வாய்ச்சண்டை உண்டு. அவர் கட்டு கனமாக இருந்தால் உள்ளே காம்பை வைத்துக் கட்டியிருக்கிறாரா என்று குமுதா பிரித்துப் பார்ப்பாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பார்ப்பாள்.

போன வாரம் மாதவி, லேப்பில் வளர்த்த நோயில்லாத வாழைக் கன்றுகளைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தாள். விரல் நீளம்தான் இருந்தன, எல்லாம் ஒரே உயரம், ஒரே பச்சை. குமுதா தன் வாளியில் கத்தியை முக்கி எடுத்து, தட்டுக்கு ஒன்றாகக் கிள்ளிப் பைகளில் போட்டு நூல் கட்ட ஆரம்பித்தாள்.

"அக்கா, இது எங்க லேப்லேருந்தே வருது. டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பியிருக்கோம்."

"தெரியும்," என்றாள் குமுதா. "அதான் வேற லேப்புக்கு அனுப்பறேன்."

மாதவி ஒரு தட்டைத் தூக்கிக் கொட்டகை நிழலில் வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நூல் வெட்டிக் கொடுத்தாள்.